கல்லறை தெற்கே இருக்கிறது

மதியம் பன்னிரண்டரைக்கு எங்கள் வானொலியில் துக்க அறிவிப்பு வரும். அம்பாலவாவ் ஊரிலும் அதைச் சுற்றிய மலைகளிலும் அந்தப் பத்து நிமிடம் சோற்றுப் பானைக்கு முன்னால் இருப்பவர்கள்கூடக் கரண்டியை அசைக்க மாட்டார்கள். யார் போனார், எத்தனை பிள்ளைகள், எந்தக் கிழமை அடக்கம், எந்த ஊர்க் கல்லறை. கடைசியாக வரும் அந்த ஊர்ப் பெயருக்காகத்தான் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். மடகாஸ்கரின் இந்த மேட்டு நிலத்தில் புதிதாகப் பழகுகிற மனிதரிடம் என்ன வேலை, என்ன படிப்பு என்று கேட்பதெல்லாம் பிறகுதான். உங்கள் கல்லறை எங்கே? இதுதான் முதல் கேள்வி. ஏழு தலைமுறை ஆட்கள் பட்டுத் துணியில் சுற்றிப் படுத்திருக்கும் கல் அறை ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டால் நீ ஒரு ஆள். சொல்ல முடியாவிட்டால் நீ யாரோ.

அந்த அறிவிப்புகளை இருபத்தாறு வருடமாக வாசித்தவள் சஹுந்த்ரா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலியைக் கூட்டிக் குறைத்தவன் நான். என் பெயர் தெசிரே.

அவள் அழுகிற குரலில் வாசிக்க மாட்டாள்; அவசரமும் படமாட்டாள். ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் அங்கே போய் ஒருநாள் தங்கிவிட்டு வந்தவள் போலச் சொல்வாள். சந்தையில் மாடு விற்க வருகிற கிழவர்கள், "செத்தா சஹுந்த்ரா வாயால பேரு வரணும்யா, அதுக்காகவே சீக்கிரம் போகலாம்" என்று கேலி பேசிக்கொள்வார்கள். அந்தக் குரலில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே விழுந்துவிட்டேன். மதியம் அவள் கொண்டுவரும் மரவள்ளிக் கீரையும் பன்றிக்கறியும், நான் கொண்டுபோகும் சோறும் ஒன்றாகக் கலந்தன. பிறகு நாட்களும் கலந்தன. எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அவளுக்கு இருபத்தேழு.

பெண் கேட்டுப் போகும்போது பேசுவதற்கு எங்கள் குடும்பத்தில் ரலைவாவ் பெரியப்பாதான். சபையில் பேசுவதற்கென்றே பிறந்தவர். தோளில் வெள்ளைப் போர்வையும் கையில் தடியுமாக, எங்கள் ஆட்கள் எட்டுப் பேரோடு சஹுந்த்ராவின் அப்பா ஸக்காரியாவின் வீட்டுக்கு வந்தார். வயல் ஓரத்தில் ஒற்றை அறை மண் வீடு. ஸக்காரியா வேறொருவர் நிலத்தில் வாரத்துக்கு நெல் போடுகிறவர். ஒல்லியான, எல்லாவற்றுக்கும் சிரிக்கிற மனிதர். அன்று கோட்டு ஒன்றை இரவல் வாங்கிப் போட்டிருந்தார். கை விரல்கள் அதன் உள்ளே மறைந்துபோயிருந்தன.

பேச்சு நன்றாகத்தான் போனது. கடைசியில் பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"அப்புறம் சம்பந்தி, நாளைக்கு ஒரு பேரன் பேத்தி பொறந்தா, தாய்வழிக் கல்லறை எந்தத் திசையில இருக்குன்னு காட்டணுமே. உங்களுது எங்க?"

"தெற்க," என்றார் ஸக்காரியா. "ரொம்ப தூரம். வழியெல்லாம் மோசம்."

"தெற்கன்னா எங்க? தெற்க போயிக்கிட்டே இருந்தா கடல் வந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஸக்காரியாவும் சிரித்தார்.

"இவாலோ."

"அது ஊரா, ஆறா?"

"எங்கப்பா அப்படித்தான் சொன்னாரு."

பெரியப்பா தலையை ஆட்டிக்கொண்டார். நல்ல நாள் பார்த்துச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். சஹுந்த்ரா வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது வெட்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன். நான் அவ்வளவு முட்டாளாக இருந்தேன்.

இரண்டு வாரத்தில் பெரியப்பா விசாரித்துவிட்டார். ஸக்காரியா உழுத வயலின் சொந்தக்காரருடைய கிராமத்துக்கு ஆள் அனுப்பினார். அங்கே யாரும் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஸக்காரியாவின் தாத்தா அந்த ஊர்ப் பெரிய குடும்பத்தின் அடிமை. தாத்தாவின் அம்மாவை, அவள் சிறுமியாக இருந்தபோது, படையெடுத்துப் போன ராஜாவின் ஆட்கள் தெற்கிலிருந்து பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். கழுத்தில் கயிறு போட்டு நடத்திக் கூட்டிவந்து ஒரு மாட்டுக்கு மாற்றாகக் கொடுத்தார்களாம். விடுதலை வந்தபோது அந்தக் குடும்பத்துக்குப் போக இடம் தெரியவில்லை. அதே வயலில் தங்கிவிட்டது.

"சுத்தமில்லாதவங்கடா," என்றார் பெரியப்பா.

நான் ஏதோ சட்டம் பேசினேன்.

"சட்டம் எனக்கும் தெரியும். அடிமைன்னு யாரும் இல்லன்னு பிரெஞ்சுக்காரன் தாள்ல எழுதி நூறு வருஷமாச்சு. நான் யாரையாவது அடிமைன்னு சொன்னேனா? என் வாயிலேருந்து வந்துச்சா? நீ தாராளமாக் கட்டிக்க. ஒருத்தரும் தடுக்கல. ஆனா நாளைக்கு நீ போனப்புறம் கல்லறைக் கதவத் தொறக்க மாட்டோம். உனக்கும் தொறக்க மாட்டோம், உன் பிள்ளைங்களுக்கும் தொறக்க மாட்டோம். உங்கம்மா இடது பக்கம் ரெண்டாவது தட்டுல படுத்திருக்கா. பக்கத்துல உனக்குன்னு இடம் விட்டு வெச்சிருக்கு. யோசிச்சுக்க."

என் அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது. அவளுடைய முகம் எனக்குச் சரியாக நினைவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுவிடும்போது என் கழுத்தில் படுகிற அவள் விரல்களின் குளிர்ச்சி மட்டும் நினைவிருக்கிறது. பெரியவனாகி, கிழவனாகி, ஒருநாள் அவள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வேன் என்பதைச் சோறு தண்ணீர் போல நம்பி வளர்ந்தவன் நான். அது இல்லாமல் சாவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சஹுந்த்ரா பேசிவிட்டாள். அன்றைய துக்கச் சீட்டுகளை ஊர்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆள் அனுப்பிச்சீங்களாமே."

"பெரியப்பாதான்..."

"எங்கப்பாவுக்கு மூணு நாளா சோறு எறங்கல. 'கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்களோ'ன்னு என்னையே கேக்கறாரு."

"நான் இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல, சஹுந்த்ரா."

"பண்ணிட்ட." சீட்டுகளை மேசையில் தட்டிச் சமப்படுத்தினாள். "உனக்கு உங்கம்மா பக்கத்துல படுக்கணும். அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு அப்படி ஒரு இடம் இருந்தா நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் மைக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்து, யாரோ ஒரு கிழவியை அவளுடைய ஏழு தலைமுறையோடு சேர்த்துவைத்தாள். குரலில் ஒரு இழைகூடப் பிசகவில்லை.

அதன்பிறகு இருபத்திரண்டு வருடங்கள் போயின. பெரியப்பா பார்த்துவைத்த சுத்தமான பெண் ஒருத்தியை நான் கட்டிக்கொண்டேன். அது ஆறு வருடம் தாங்கியது. "நீ வீட்டுல இருக்கும்போதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் இருக்க" என்று சொல்லிவிட்டு அவள் தன் அண்ணன் ஊருக்குப் போய்விட்டாள். சஹுந்த்ராவைக் கேட்டு இன்னும் இரண்டு குடும்பங்கள் வந்தன. இரண்டுக்கும் ஸக்காரியா உரக்கவே பதில் சொன்னார். இரண்டும் திரும்பி வரவில்லை. அவள் அப்பாவோடு இருந்தாள். நானும் அவளும் தினமும் ஒரே அறையின் இரண்டு பாதிகளில் உட்கார்ந்திருந்தோம். இருமல் வந்தால் அவள் வலது கை சுண்டுவிரலைத் தூக்குவாள். நான் ஒலியைக் குறைப்பேன். அந்தச் சுண்டுவிரலுக்காக ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். குளிர்காலத்தில் அவளுக்கு இருமல் அதிகம். குளிர்காலம் எனக்குப் பிடிக்கும்.

அப்படி ஒரு ஜூலையில் ஸக்காரியா போய்ச் சேர்ந்தார். எண்பதை நெருங்கியிருந்தார். காலையில் வயலுக்குப் போனவர் வரப்பில் உட்கார்ந்தபடியே இருந்தாராம்.

மறுநாள் அவள் வேலைக்கு வரமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பன்னிரண்டேகாலுக்கு வந்தாள். தலைமுடியைப் பின்னாமல் தோளில் விட்டிருந்தாள், துக்கக்காரர்கள் விடுவது போல.

"நானே வாசிக்கறேன்," என்றாள்.

முதலில் மூன்று பேருடைய அறிவிப்பு. மூவருக்கும் கல்லறை இருந்தது. நான்காவதற்குக் கையில் சீட்டு இல்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"ஸக்காரியா, நெல் விவசாயி, நேற்றுக் காலை காலமானார். அவருக்கு ஒரே மகள், இதை வாசிக்கிற நான். அவருடைய தாத்தாவின் அம்மாவைச் சிறு வயதில் தெற்கிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர் பெயரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. இவாலோ என்ற ஒரு சொல் மட்டும் எங்களிடம் மிஞ்சியிருக்கிறது. அது ஊரா ஆறா என்று எங்களுக்குத் தெரியாது. அப்பா உயிரோடு இருந்தவரை, எங்கள் கல்லறை தெற்கே இருக்கிறது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தார். அவருக்குக் கல்லறை இல்லை. நாங்கள் அடிமைகளின் பிள்ளைகள். வியாழக்கிழமை காலை, அவர் உழுத வயலின் ஓரத்தில், அவருடைய அப்பாவுக்குப் பக்கத்தில் மண்ணில் வைக்கப்படுவார். வர விரும்புகிறவர்கள் வரலாம்."

அவள் மூன்றாவது வாக்கியத்தில் இருக்கும்போதே நிலைய மேலாளர் எர்வே கதவைத் தள்ளிக்கொண்டு என் அறைக்குள் வந்துவிட்டார்.

"நிறுத்துய்யா! அறுத்து விடு! பாட்டப் போடு!"

என் கை ஒலிக் கட்டையின் மேல்தான் இருந்தது. ஒரு அங்குலம் கீழே இழுத்தால் போதும். அவர் இழுக்க வந்தபோது நான் முழங்கையால் அவரைத் தள்ளினேன். என் வாழ்க்கையில் அவளுக்காக நான் செய்தது அதுவரை அவ்வளவுதான். ஒரு அங்குலம் நகராமல் உட்கார்ந்திருந்தேன்.

அவள் முடித்ததும் சிறிது நேரம் ஒன்றுமே ஒலிபரப்பாகவில்லை. அந்த வெறும் இரைச்சலும் மலைகளுக்கெல்லாம் போனது.

பிறகு தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. திட்டியவர்களே அதிகம். சாவு வீட்டில் அரசியல் பேசுகிறாள் என்றார்கள். அழிந்துபோன சொல்லை ஏன் எடுக்கிறாள் என்றார்கள். ஒரு பெண்ணுடைய அழைப்பை மட்டும் சஹுந்த்ராவே எடுத்தாள். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது.

"ஏம்மா, உனக்கு நாங்க என்ன பண்ணோம்? எங்களுதும் தெற்கன்னுதான் சொல்லி வெச்சிருக்கோம். அடுத்த மாசம் எம்பொண்ணுக்குக் கல்யாணம். இனிமே தெற்கன்னு சொன்னாலே சிரிப்பாங்களே. உங்கப்பா கௌரவமா மறைச்சு வெச்சதத்தானே நீ தெருவுல போட்ட?"

சஹுந்த்ரா ரிசீவரைக் காதில் வைத்தபடி, அந்தப் பெண் வைத்த பிறகும் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள். "அவங்க சொல்றது சரிதான்," என்றாள் கடைசியில். "எங்கப்பாவும் அதையேதான் சொல்லியிருப்பாரு."

எர்வே அவளை இரண்டு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை நான் போனேன். பனி இன்னும் விலகவில்லை. வயல் ஓரத்தில் குழி வெட்டியிருந்தது. பக்கத்தில் ஸக்காரியாவுடைய அப்பாவின் மேடு, புல் மூடிக் கிடந்தது. வயலின் சொந்தக்காரர் வீட்டிலிருந்து யாரும் இல்லை. சஹுந்த்ரா, அவளுடைய அத்தை, அக்கம்பக்கத்து வாரக் குடியானவர்கள் நான்கு பேர், நான். பாட்டுப் பாட ஆரம்பித்தோம். ஏழு பேர் பாடுவது திறந்த வயலில் எவ்வளவு சன்னமாக இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது பாட்டில் இருக்கும்போது வரப்பில் ஆட்கள் வருவது தெரிந்தது. போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு, இடைவெளி விட்டு, ஒருவரோடு ஒருவர் சேராதவர்கள் போல வந்தார்கள். முதலில் அரிசி அப்பம் விற்கிற லுவிஸ். அவளுக்குப் பின்னால் எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் ஹெரிமனானா. இருபது வருடமாகச் சபைகளில் தன் குடும்பக் கல்லறையைப் பற்றி, அதன் வாசல் கல்லைப் பற்றி, அலங்காரமாகப் பேசியவர். சஹுந்த்ராவின் முன்னால் வந்து தொப்பியைக் கழற்றினார். சபையில் முழங்குகிற அந்தக் குரலைக் காணோம்.

"எங்களுதும் தெற்கதாம்மா," என்றார்.

லுவிஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "எங்க வீட்டுல வடக்கன்னு சொல்லுவோம். தெற்குல கூட்டம் ஜாஸ்தியாப் போச்சுன்னு எங்க மாமியா மாத்திட்டா."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு குழியைச் சுற்றிப் பரவியது. சஹுந்த்ராவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். அதுவரை அவள் அழுது நான் பார்த்ததில்லை. அடக்கம் முடியும்போது எழுபது எண்பது பேர் இருந்தார்கள். நான் தினமும் வணக்கம் சொல்கிற முகங்கள். பாதிப் பேருடைய கல்லறை ஊர் எது என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

மூன்று நாள் கழித்து நிலையத்துக்கு ஒருவர் வந்தார். தென்கிழக்குக் கடற்கரைப் பக்கத்திலிருந்து காப்பிக்கொட்டை கொண்டுவந்து விற்பவர், மஹாசோவா என்று பெயர். சாப்பாட்டுக் கடையில் அறிவிப்பைக் கேட்டாராம்.

"அந்தம்மா சொன்ன இவாலோ ஊரு இல்ல. ஓடை. வங்கைன்ட்ரானோ தாண்டி ஒரு நாள் நடக்கணும். எங்க சித்தி வீடு அங்கதான். அந்தப் பேருல வேற ஓடை இருக்கான்னா எனக்குத் தெரியாது. எங்களுது ஒண்ணு இருக்கு, அவ்வளவுதான்."

நான் அவரைச் சஹுந்த்ராவின் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அவள் அந்தச் சொல்லை இரண்டு மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். கடற்கரை ஆட்கள் கடைசி எழுத்தை நீட்டிச் சொல்வார்கள். ஸக்காரியாவும் அப்படித்தான் நீட்டுவார்.

மறுநாளே கிளம்பினாள். வேன் நிற்குமிடத்துக்கு நானும் பையோடு போயிருந்தேன்.

"இது என்ன பை?"

"நானும் வரேன். வழி மோசம்னு..."

"எங்கப்பா சொன்னதையே சொல்றியா?" புன்னகைத்தாள். "வேணாம், தெசிரே. அங்க போயி நான் யாருன்னு சொல்றப்போ, பக்கத்துல நிக்கறது யாருன்னு கேப்பாங்க. அதுக்கும் ஒரு பதில் தேடிட்டிருக்க என்னால முடியாது."

கோழிக்கூடைகளுக்கும் சாக்குகளுக்கும் நடுவே ஏறி உட்கார்ந்துகொண்டாள். வேன் வளைவில் திரும்புகிற வரை நின்றேன்.

அவள் இல்லாத நாட்களில் அறிவிப்பை நான்தான் வாசித்தேன். பெயர்களை விழுங்கினேன். ஒரு கிழவரை அவருடைய மாமனார் ஊரில் அடக்கம் செய்துவிட்டேன். குடும்பமே வந்து சண்டை போட்டது.

அதே வாரம் எங்கள் குலத்தில் எலும்பு திருப்பும் விழா. கல்லறையைத் திறந்து, முன்னோர்களை வெளியே எடுத்துப் புதுப் பட்டு சுற்றி, ஊரே தோளில் வைத்து ஆடும் நாள். குழலும் மேளமும் காதைப் பிளந்தன. கொழுப்பு மிதக்கும் பன்றிக்கறியும் சோறும் எல்லோருக்கும். அம்மாவை வெளியே கொண்டுவந்தபோது முதல் ஆளாகத் தோள் கொடுத்தேன். அவ்வளவு லேசாக இருந்தாள். புதுப் பட்டைச் சுற்றும்போது என் வாயை அவள் தலைமாட்டில் வைத்து, நாற்பது வருடமாகச் சேர்த்துவைத்ததையெல்லாம் சொல்லலாம் என்றிருந்தேன். வாயை வைத்ததும் வந்தது சஹுந்த்ராவைப் பற்றிய பேச்சுதான். அவள் இருமுவது, சிரிப்பது, வேனில் ஏறிப் போனது. அம்மாவுக்குத் தெரியாத ஒரு பெண்ணைப் பற்றி அம்மாவிடமே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெரியப்பாவுக்கு இப்போது எண்பத்திரண்டு. ஆனாலும் கல்லறை வாசலில் நின்று குல வரலாற்றை அவர்தான் சொன்னார். முதல் முன்னோர் வந்து இறங்கியது, மாட்டுப் பட்டிகள், மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய நாற்பது வயல்கள்.

"அந்த வயலையெல்லாம் வெட்டினது யாரு, பெரியப்பா?" என்று கேட்டேன்.

"நம்ம ஆளுங்கதான்."

"இதோ, இந்தத் தட்டுல படுத்திருக்காங்களே, இவங்களா?"

"நம்ம ஆளுங்கன்னா... நம்மகிட்ட இருந்த ஆளுங்க."

"அவங்கள எங்க வெச்சிருக்கோம்?"

மேளக்காரன் அடிப்பதை நிறுத்தியிருந்தான். பெரியப்பா என்னை வெகுநேரம் பார்த்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அந்தக் கேள்வியைத் தன் வாழ்நாளில் முதல் முறையாகக் காதில் வாங்குகிற மனிதரின் முகமாக இருந்தது அது.

"தெரியாதுடா," என்றார் தணிந்த குரலில். "யாரும் எனக்குச் சொல்லல. சொன்னதத்தான் நான் சொல்றேன்."

கல்லறைக்குள் அம்மாவைத் திரும்ப வைத்தபோது பக்கத்தில் எனக்கென்று விட்டிருந்த இடத்தைப் பார்த்தேன். தூசி தட்டிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். வெளியே வந்து, அந்த இடத்தை என் தம்பி மகனுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன். பெரியப்பா வாதாடவில்லை. "குடிச்சிருக்க, நாளைக்குப் பேசு" என்றார். நான் அன்று குடிக்கவே இல்லை. மறுநாளும் போய் அதையே சொன்னேன்.

சஹுந்த்ரா பதினோராம் நாள் திரும்பினாள். முகம் கறுத்து, கால் பாதமெல்லாம் வெடித்திருந்தது. அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து தீய்ந்த சோற்றில் ஊற்றிய வெந்நீரைக் குடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஓடை சின்னதுதான். தாண்டினா கால் நனையும், அவ்வளவுதான். அந்த ஊருப் பெரியவரு நான் சொன்னதக் கேட்டாரு. கேட்டுட்டு, 'எந்த வருஷத்து ஆளுங்க வந்து புடிச்சாங்க'ன்னாரு. எத்தன தடவ வந்தாங்கன்னு அவருக்கே கணக்கில்ல. ஒரு மேட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. இடுப்பு ஒசரம் கல்லு, நட்டு வெச்சிருக்கு. வெளியூர்ல செத்தவங்களுக்கு, புடிச்சிட்டுப் போயி வராதவங்களுக்கு. ஒடம்பு கெடைக்காததால கல்லு. முப்பத்தேழு கல்லு இருக்கு, தெசிரே. எதுலயும் பேரு இல்ல. 'உங்களுது எதுன்னு எங்களால சொல்ல முடியாது, சொன்னா பொய்'ன்னாரு. ஆனா நட்டப்போ எல்லாருக்குமாத்தான் அழுதாங்களாம்."

"அப்புறம்?"

"ஒவ்வொண்ணா கை வெச்சேன். முழுக் காலையும் ஆச்சு. அந்த ஊருப் பொம்பளைங்க கூடவே நின்னாங்க. ஒருத்தியும் அவசரப்படுத்தல." டம்ளரைக் கீழே வைத்தாள். "எத்தனையோ வருஷமா அவங்க எங்களத் தேடிட்டிருந்திருக்காங்க. நாங்க இங்க, எங்கள யாரும் தேடலன்னு நெனச்சிட்டிருந்தோம்."

வாசலில் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன.

"அப்பாவக் கொண்டாரச் சொன்னாங்க. பெரியவரு மறுபடி மறுபடி சொன்னாரு. எனக்கு வேணும்னுதான் இருந்துச்சு. திரும்பி வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். ஆனா அவரோட அப்பா இங்கதான் கெடக்காரு. அந்த வயல வெட்டினவங்க அவங்கதான். அவங்களும் போயிட்டா இங்க யாரு இருந்தாங்கன்னே தெரியாமப் போயிடும்."

அப்போதுதான் நான் கல்லறை இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டதைச் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். வாயிலிருந்து உளறலாகத்தான் வந்தது.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"இருபத்திரண்டு வருஷம் கழிச்சு ஒரு பொணத்த வெக்க இடம் கேட்டு வந்திருக்கியா?"

"அப்படி இல்ல..."

"பின்ன எப்படி? நான் கேட்டேனா? எனக்காகப் பண்ணேன்னு மட்டும் சொல்லாத. அதத் தூக்கிச் சொமக்க எனக்குத் தெம்பு இல்ல."

"உனக்காக இல்ல. அங்க படுக்க என்னால முடியாது. அவ்வளவுதான்."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். என் முகத்தில் எதையோ தேடினாள். இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

"அப்பா தலைமாட்டுல ஒரு கல்லு நடலாம்னு இருக்கேன்," என்றாள். "மலையடியில நல்ல கல்லா ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். தூக்க ஆள் வேணும். வர்றியா?"

ஞாயிற்றுக்கிழமை வெயிலில், ஊர் பார்க்க, பதினாறு பேர் அந்தக் கல்லை மரக்கட்டைகளில் கட்டி இழுத்தோம். தலைமையாசிரியர் பாட்டெடுத்துக் கொடுத்தார். வழியில் இரண்டு இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு இடத்தில் ஒரு பெண் தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றாள். தன் மகள் கல்யாணம் நின்றுவிட்டது என்று மட்டும் சஹுந்த்ராவிடம் சொன்னாள்; தொலைபேசியில் கேட்ட அதே குரல். சஹுந்த்ரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் சஹுந்த்ராவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. எங்களுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

கல்லை நிறுத்தி, மண்ணை மிதித்து இறுக்கினோம். சஹுந்த்ரா அதில் பெயர் எதையும் வெட்டச் சொல்லவில்லை. கொஞ்சம் ரம்மை அதன் மேல் ஊற்றினாள். எல்லோரும் கலைந்து போன பிறகும் அவள் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன், நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு. கீழே தண்ணீர் கட்டிய வயலில் மேகங்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் என்னை நகர்ந்து வரச் சொல்லவில்லை. தள்ளிப் போகவும் சொல்லவில்லை. வெயில் சாயும் வரை அப்படியே இருந்தோம்.